அண்ணன் உடல் தம்மாமில். கம்பெனி ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்கிறது

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய அண்ணனுக்கு 43 வயது, சவூதியில் தம்மாமில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் 11 வருஷமாக ஏசி மெக்கானிக். 12 நாளைக்கு முன்னால் விடிகாலை டியூட்டிக்கு எழுப்பப் போன ரூம்மேட், அவர் படுத்தபடியே இறந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். போலீஸ் வந்து உடலை ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்குக் கொண்டுபோனார்கள், ஹார்ட் அட்டாக் என்கிறார்கள். ஊரில் அண்ணி, ஆறாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்பா.

கம்பெனி சூப்பர்வைசர் வாட்ஸாப்பில் ஒரு பேப்பர் அனுப்பி, "தம்பி கையெழுத்து போட்டு அனுப்பினால் போதும், இங்கேயே அடக்கம் செய்துவிட்டு 8,000 ரியால் உடனே போட்டுவிடுகிறோம்" என்கிறாராம். ஊரில் பழக்கமான ஒரு ஏஜென்ட், 1,80,000 ரூபாய் கொடுத்தால் பத்து நாளில் உடலைக் கொண்டுவந்துவிடலாம் என்கிறாராம். அண்ணி வீட்டார், காசுக்கு எங்கே போவது, அங்கேயே அடக்கம் பண்ணட்டும் என்கிறார்கள். அம்மா, முகத்தைப் பார்க்காமல் வாயில் தண்ணீர்கூடப் படாது என்று உட்கார்ந்திருக்கிறார். அண்ணி ஒன்றுமே பேசவில்லை. "சார், நான் எதில் கையெழுத்து போடணும்? ரூம்மேட்டிடம் அண்ணன் ஏடிஎம் கார்டு இருக்கு, பின் நம்பரும் தெரியும், பணத்தை எடுத்து அனுப்பச் சொல்லலாமா? இன்ஷூரன்ஸ் பத்து லட்சம் வரும்னு சொல்றாங்க, உண்மையா? பஞ்சாயத்தில் இறப்புச் சான்றிதழ் எப்போ வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் எதிலும் கையெழுத்து போட வேண்டாம். போடக் கூடாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, போட்டாலும் அது செல்லாது.

அந்தப் பேப்பரின் போட்டோவையும் நீங்கள் அனுப்பியதால் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். மேலே அரபி, கீழே ஆங்கிலம். முதல் பத்தியில் குடும்பத்தாருக்கு அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று இருக்கிறது. அதுவரை சரி. இரண்டாவது பத்தி மூன்றே வரி: இறந்தவருக்குச் சேர வேண்டிய சம்பளம், பணிக்கொடை, மற்ற எல்லாப் பாக்கியும் தீர்ந்துவிட்டது, இனி குடும்பத்துக்குக் கம்பெனிமேல் எந்த உரிமையும் இல்லை. அதற்குக் கீழே கையெழுத்து போட வேண்டிய இடத்தில் யாரோ பென்சிலில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். உடலை என்ன செய்வது என்பது ஒரு விஷயம், கணக்கு இன்னொரு விஷயம். இரண்டையும் ஒரே தாளில் கட்டி நீட்டினால், நீட்டுகிறவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், தாளை மடித்து வைத்துவிட வேண்டும். சூப்பர்வைசர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, அவரும் நம்ம பக்கத்து ஆளாகவே இருக்கலாம், ஆபீசில் கொடுத்ததை அனுப்பியிருப்பார். பேப்பர் யார் கையிலிருந்து வந்தாலும் அந்த மூன்று வரி அதே மூன்று வரிதான்.

கையெழுத்து அண்ணியுடையது

உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் அண்ணியைப் பற்றி ஒரே ஒரு வரி, ஒன்றுமே பேசவில்லை என்று. உங்களைக் குறை சொல்லவில்லை, இப்படிப்பட்ட வீடுகளில் வெளிவேலையெல்லாம் தம்பிதான் ஓடிச் செய்வார், எனக்குத் தெரியும். ஆனால் சட்டப்படி இதில் முதல் ஆள் அவர்தான். இந்தியத் தூதரகம் கேட்பது மனைவியின் சம்மதக் கடிதத்தை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் அவருடைய மனைவி, பிள்ளைகள், அம்மா. இதைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள்: அப்பா அந்த முதல் வகுப்பில் இல்லை. அண்ணன் தம்பியும் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கில் அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நாலு பேருக்குச் சமமாக நாலு பங்கு. பிள்ளைகளுக்கு 18 வயது ஆகாததால் அவர்களுக்காக அண்ணியே கையெழுத்து போடலாம், அவர்தான் இயற்கைக் காப்பாளர்.

ஆகவே இன்றைக்கே அண்ணியோடு உட்காருங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உடல் வர வேண்டுமா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். அவருடைய அண்ணன்மார்கள் "காசுக்கு எங்கே போவது" என்று சொன்னதால்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள், ஏனென்றால் அந்தக் காசுக் கவலையே பாதிக்கு மேல் தேவையில்லாதது, கீழே சொல்கிறேன். அங்கேயே அடக்கம் என்று அவர் மனசார முடிவெடுத்தால் அதுவும் தப்பில்லை, எத்தனையோ குடும்பங்கள் அப்படி முடிவெடுத்திருக்கின்றன. ஆனால் ஒன்று தெரிந்து முடிவெடுக்கட்டும்: சவூதியில் தகனம் கிடையாது, அடக்கம் மட்டும்தான். பின்னாளில் பிள்ளைகள் போய்ப் பார்க்க ஒரு சமாதி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அவர் உடல் வேண்டும் என்றால், ஸ்டாம்ப் பேப்பரில் ஆங்கிலத்தில் ஒரு சம்மதக் கடிதம் தயார் செய்யுங்கள். அண்ணன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பாஸ்போர்ட் நம்பர், இகாமா (சவூதியில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை) நம்பர், இறந்த தேதி, உடல் இருக்கும் ஆஸ்பத்திரி, உடலைப் பெங்களூருக்கு அனுப்பச் சம்மதம் என்ற வாசகம், அங்கே பேப்பர் வேலை பார்க்க அதிகாரம் கொடுக்கப்படுகிற ஆளின் பெயரும் அவருடைய இகாமா நம்பரும். அண்ணி கையெழுத்து, அம்மா கையெழுத்து அல்லது கைரேகை, நோட்டரி சீல். தருமபுரி கோர்ட் வளாகத்தில் அரை நாள் வேலை. அதிகாரம் கொடுக்கும் ஆளாக ரூம்மேட்டைப் போடலாம், அல்லது தம்மாமில் நம்பிக்கையான தமிழ் சமூக சேவகர் யாராவது இருந்தால் அவரை. அந்த அதிகாரம் உடலை அனுப்பும் வேலைக்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பணம் வசூலிக்க, கணக்கு முடிக்க என்ற வார்த்தைகள் அதில் வரவே கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்து போட்டு அனுப்புங்கள், நாங்கள் டைப் செய்துகொள்கிறோம் என்று யாராவது கேட்டால், போனை வைத்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் கண்ணைத் திறந்து வையுங்கள். நம்ம ஊரில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில், இகாமாவில் அது அரபிக்குப் போய்த் திரும்பி வந்து வேறு எழுத்தில். சம்மதக் கடிதம், வாரிசுச் சான்றிதழ், தூதரகப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துக்காக ஒரு வாரம் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

செலவு யார் தலையில்?

ஏஜென்ட் கேட்கும் 1,80,000-ஐக் கொடுக்காதீர்கள். அவர் எந்த வேலையைச் செய்வதாகச் சொல்கிறாரோ அந்த வேலையைச் செய்ய வேண்டியது கம்பெனி. 2005-ல் வந்த சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவில் இது எழுதியே இருக்கிறது: தொழிலாளி இறந்தால் உடலைப் பக்குவப்படுத்தி, ஒப்பந்தம் போட்ட ஊருக்கோ ஆளை எடுத்த ஊருக்கோ அனுப்பும் செலவு முதலாளியுடையது, குடும்பம் சம்மதித்து அங்கேயே அடக்கம் செய்தால் ஒழிய. இப்போது புரிகிறதா, அந்தப் பேப்பரில் அடக்கத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று. எம்பாமிங் என்கிற அந்தப் பக்குவப்படுத்தும் வேலை, பெட்டி, கார்கோ எல்லாம் கம்பெனிக்கு மிச்சம்.

கம்பெனி கை விரித்தால்? தூதரகம் கம்பெனியிடம் பேசும், அழுத்தம் கொடுக்கும். அப்படியும் நடக்கவில்லை, குடும்பத்துக்கும் வசதி இல்லை என்றால், இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. உடலை அனுப்பும் செலவும் அதன் கீழ் வரும், வசதியில்லாத குடும்பம் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஊரில் சிலர் "எம்பசியே எல்லாம் பார்த்துக்கும்" என்பார்கள், சிலர் "எம்பசி ஒண்ணுமே செய்யாது" என்பார்கள். இரண்டும் இல்லை. முதலாளி முதலில், அது நடக்காதபோது இந்த நிதி. அதுவும் நீங்கள் எழுத்தில் கேட்டால்தான்.

எங்கே எழுதுவது என்றால், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்தில் ஒரு புகார் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் நகல், இகாமா நகல், சம்மதக் கடிதம், கம்பெனி அனுப்பிய அந்தப் பேப்பரின் போட்டோ எல்லாவற்றையும் ஏற்றுங்கள். தம்மாமில் தனியாக இந்தியத் துணைத் தூதரகம் கிடையாது, அந்தப் பகுதி ரியாத் தூதரகத்தின் கீழ் வருகிறது, ஆகவே ரியாத்துக்கு ஒரு மெயிலும் போடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, கட்டணமில்லா எண் 1800 309 3793. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கத் திங்கட்கிழமை குறைதீர் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்ட நிர்வாகத்தின் கடிதம் ஒன்று மேலே போனால் ஃபைல் நகரும் வேகம் வேறு.

12 நாள் ஆகிவிட்டதே, நம்மைக் கேட்காமலே புதைத்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். குடும்பத்திடமிருந்து எந்தப் பதிலும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் உடல்களுக்குத்தான் அந்தப் பேச்சு வரும். உடல் வேண்டும் என்று குடும்பம் தூதரகத்தில் எழுத்தில் பதிவு செய்துவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. அறையில் இறந்தவர் என்பதால் போலீஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை, அங்குள்ள இறப்புச் சான்றிதழ், அப்புறம் தூதரகத்தில் இறப்புப் பதிவு, பாஸ்போர்ட் ரத்து, ஆட்சேபணை இல்லைச் சான்று, அதன்பிறகு எம்பாமிங், விமான புக்கிங் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். இயற்கை மரணத்துக்கே இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். அவர் பெயரில் அங்கே ஏதாவது வழக்கோ கடன் புகாரோ இருந்தால் இன்னும் இழுக்கும். பத்து நாள் என்று கியாரண்டி கொடுக்கும் ஏஜென்ட், சவூதி போலீஸின் மேஜையில் இருக்கும் ஃபைலை எப்படி நகர்த்துவார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஹார்ட் அட்டாக் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. உறவில் யாராவது கிளப்பினால், அதைப் பெட்டி வந்து சேர்ந்து சடங்கு முடிந்தபிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை. உடல் வருவதற்கு முன்னாலேயே இங்கே போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் கேட்டால்தான் அரசு மருத்துவக் கல்லூரியில் மறுபடி பரிசோதனை நடக்கும்.

பெங்களூரு ஏன்?

பலரும் பழக்கதோஷத்தில் சென்னை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாலக்கோட்டிலிருந்து சென்னை கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் அதில் பாதிதான். எந்த விமான நிலையம் என்பது தூதரகச் சான்றிலும் கார்கோ ரசீதிலும் ஏறிவிடும், பிறகு மாற்றுவது சள்ளை. ஆகவே சம்மதக் கடிதத்திலேயே பெங்களூரு என்று போட்டுவிடுங்கள். நேர் விமானம் கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு ஊரில் மாறி வரும், பரவாயில்லை. ஒரு விஷயம்தான் யோசிக்க வேண்டும், இறங்குவது கர்நாடகத்தில். விமான நிலையத்திலிருந்து ஊர்வரை வண்டிக்கு அயலகத் தமிழர் நலத்துறையிடம் கேளுங்கள், பெங்களூரிலிருந்து எடுக்க முடியுமா என்பதையும் சேர்த்தே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடியாதென்றால் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தனியார் ஆம்புலன்ஸ் பேசி வைத்துக்கொள்ளலாம்.

உடல் வந்து இறங்குவது பயணிகள் வெளியே வரும் வாசலில் இல்லை, கார்கோ பகுதியில். போன வருஷம் ஒரு குடும்பம் இரண்டு வேன் நிறைய ஆட்களோடு அரைவல் வாசலில் மாலையுடன் மூன்று மணி நேரம் நின்றிருந்தது. கார்கோ ரசீதில் பெறுபவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அசல் ஆதாரோடு போக வேண்டும். அந்த இடத்தில் உங்கள் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள், அண்ணி அலைய வேண்டாம். கையெழுத்து போட வேண்டும் என்று கேட்டீர்களே, நீங்கள் போட வேண்டிய கையெழுத்து அங்கேதான். விமான நிலைய சுகாதார அதிகாரியின் அனுமதியும் வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து அது இ-கேர் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது: இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தூதரகத்தின் ஆட்சேபணை இல்லைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட்டின் நகல் ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். அங்கே அனுப்புகிற ஆளே ஏற்றிவிடுவார், ஆனாலும் உடல் கிளம்புவதற்கு முன்னால் "இ-கேர் அனுமதி வந்துவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லாப் பேப்பரின் போட்டோவும் உங்கள் போனில் இருக்கட்டும், ஒரு செட் பிரின்டும் கையில் இருக்கட்டும்.

இனி சொல்வதை அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், நீங்களும் மாமன் முறையில் ஒரு பெரியவரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வருகிற பெட்டி நம்ம ஊர்ப் பெட்டி மாதிரி இருக்காது. பெரிசு, கனம், தூக்க ஆறு பேராவது வேண்டும். காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் வாசக்காலில் பெட்டி நுழையாமல், ராத்திரி பதினோரு மணிக்குத் திண்ணையில் வைத்துவிட்டு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆகவே பந்தல் வெளியிலேயே போட்டு இரண்டு பெஞ்சை அங்கே போட்டுவிடுங்கள். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குச் சொல்ல வேண்டாம், தேவைப்படாது. பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவரும் ஒரு சின்னக் கடப்பாரையும் எடுத்து வையுங்கள். திறந்தவுடன் மருந்து நெடி கண்ணை எரிக்கும். மூன்று நாலு வாரம் ஆன முகம் கறுத்தும் உப்பியும் இருக்கலாம். முதலில் நீங்களும் பெரியவரும் மட்டும் திறந்து பாருங்கள், முகத்தை மெதுவாகத் துடைத்து, துணியைச் சரிசெய்து, அப்புறம் அண்ணியைக் கூப்பிடுங்கள், அதற்குப் பிறகு அம்மா. கூட்டத்தை அதுவரை தள்ளி நிறுத்துங்கள். பிள்ளைகள் பார்க்கலாமா என்பதை அண்ணி முடிவு செய்யட்டும். உங்கள் வழக்கம் எரிப்பதென்றால் பெட்டியோடு வைக்க முடியாது, உள்ளே தகடு அடித்திருப்பார்கள். புதைப்பதென்றால், பெட்டியோடு வைக்கப் போகிறீர்களா என்பதை முன்னாலேயே முடிவு செய்து அந்த அளவுக்குக் குழியை வெட்டச் சொல்லுங்கள். சுடுகாட்டில் வைத்துக்கொண்டு ஜேசிபிக்குப் போன் போடும் நிலைமை வேண்டாம்.

பணம் தனிக் கதை

8,000 ரியால் என்கிறார்களே, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள்தான் கணக்கு எழுதுகிறவர். சவூதி சட்டம் 84-வது பிரிவில் பணிக்கொடை: முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. அண்ணன் சம்பளம் 2,200 ரியால் என்று எழுதியிருக்கிறீர்கள். 1,100 ஐந்து முறை 5,500. 2,200 ஆறு முறை 13,200. மொத்தம் 18,700 ரியால், நம்ம பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல். இதோடு இறந்த மாதம் வேலை செய்த நாட்களின் சம்பளம், எடுக்காமல் மிச்சமிருக்கும் வருடாந்திர விடுப்புக்கான பணம். நடுவில் ஊருக்கு வந்தபோது கணக்கு முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு, புது விசாவில் திரும்பப் போனாரா என்று மட்டும் அண்ணியிடம் கேளுங்கள், அப்படிப் போயிருந்தால் இந்த 11 வருஷக் கணக்கு குறையும்.

இந்தப் பாக்கியை உடலோடு சேர்த்து இன்றைக்கே கேட்க வேண்டியதில்லை. அங்குள்ள சட்டப்படி வேலை உறவு முடிந்த 12 மாதத்துக்குள் கேட்டால் போதும். அவசரம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. சடங்குகள் முடிந்ததும் இ-சேவை மூலம் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் தூதரகத்துக்குத் தனியாக ஒரு அதிகாரப் பத்திரம் போகும், தூதரகத்தின் பெயரிலேயே கொடுத்துவிடுவது பாதுகாப்பு. தூதரகம் வழியாக வசூலாகும் பணம் மாவட்டக் கலெக்டர் மூலம் வாரிசுகளுக்கு வந்து சேரும். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நடுவில் யார் கையும் படாது.

ஏடிஎம் விஷயம். வேண்டவே வேண்டாம். பின் நம்பர் தெரியும் என்பதால் அது ரூம்மேட்டின் பணம் ஆகாது, உங்கள் பணமும் ஆகாது. இறந்தவரின் கணக்கிலிருந்து, இறந்த தேதிக்குப் பிறகு, கேமரா முன்னால் நின்று ஒரு வெளிநாட்டுக்காரர் பணம் எடுப்பதை அந்த ஊர் போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். உங்கள் அண்ணனுக்காக 12 நாளாக லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைகிற மனிதர் அவர். கார்டையும், போனையும், பெட்டியில் உள்ள சாமான்களையும் ஒரு லிஸ்ட் எழுதி போட்டோ எடுத்து, கம்பெனியிடம் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். பேங்கில் உள்ள பணமும் அதே வாரிசுச் சான்றிதழ் வழியில்தான் வர வேண்டும்.

பத்து லட்சம் பற்றி. ஊரில் சொல்வது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டை. பத்தாவது தேறாததால் இசிஆர் பாஸ்போர்ட்டில், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம், 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். பத்து லட்சம் என்பது உண்மைதான், ஆனால் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான். தூக்கத்தில் வந்த மாரடைப்புக்கு அது வராது. அதுவும் 11 வருஷத்துக்கு முன்னால் எடுத்ததைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். இந்தப் பணத்தை நம்பி யாரிடமும் கைமாத்து வாங்காதீர்கள், "நான் வாங்கித் தருகிறேன், பாதி கொடு" என்று வருகிறவரையும் நம்பாதீர்கள். ஆனால் அண்ணன் தன் பேங்க் கணக்கிலோ எல்ஐசியிலோ வேறு பாலிசி ஏதாவது போட்டிருந்தாரா என்று பீரோவைத் துழாவிப் பாருங்கள், பாஸ்புக்கில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே தொகை பிடித்திருந்தால் அது என்ன என்று பேங்கில் கேளுங்கள். மாரடைப்புக்கு அந்தப் பாலிசிகளில் பணம் உண்டு.

பஞ்சாயத்தில் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, நம்ம ஊர்ச் சுடுகாட்டில் காரியம் நடந்ததால் நம்ம ஊரில் பதிய முடியாது. ரியாத் தூதரகத்தில் பதிந்து கொடுக்கும் சான்றிதழ்தான் இங்கே எல்லா இடத்துக்கும் செல்லும். வாரிசுச் சான்றிதழுக்குப் போகும்போது விஏஓ "நம்ம ஊர் சர்டிபிகேட் கொண்டு வா" என்றால், தகராறு செய்யாமல் தூதரகச் சான்றையும், அரபிச் சான்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைத்துத் தாசில்தாரிடமே பேசுங்கள்.

கடைசியில், 16-ஆம் நாள் காரியத்தை இறந்த நாளிலிருந்து எண்ணுவதா, உடல் வந்த நாளிலிருந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வக்கீல் எதற்கு, உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். நான் போன வீடுகளில் இரண்டு விதமாகவும் செய்தார்கள், யாரும் குறை சொன்னதில்லை. அதுவரை அம்மாவைக் கொஞ்சம் கஞ்சியாவது குடிக்க வையுங்கள், மூன்று வாரம் பட்டினி கிடக்க அந்த உடம்பு தாங்காது. உடல் வரும், தேதிதான் தெரியாது என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை.

சூப்பர்வைசர் மறுபடியும் கூப்பிடுவார், அநேகமாக இன்றைக்கு ராத்திரியே. நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டு, "அண்ணி இருக்காங்க, அவங்ககிட்டயே பேசுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.